கணினியும் கிரயப் பத்திரமும்

(சட்டக் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்திரங்களைக் கம்ப்யூட்டரே தயாரிக்கும்படி மாதிரிகளை அமைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கணினி நிபுணன் அல்ல. ஆனால் இதில் ஒரு பெரிய தப்புப் பண்ணியவன். அந்தத் தகுதியில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

1995ல் நான் ஜூனியர். ஆபீசுக்குப் புதுசாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒரு அம்மாள் மனை வாங்கினார். நான் என்ன செய்தேன்? முந்தைய வாரம் அடித்த கிரயப் பத்திரத்தைத் திறந்து, பெயரை மாற்றினேன், புல எண்ணை மாற்றினேன், தொகையை மாற்றினேன். அரை மணியில் பத்திரம் ரெடி. சீனியரிடம் பாராட்டு வேறு!

எட்டு வருஷம் கழித்து அந்த அம்மாள் வந்தார். மகளின் இன்ஜினியரிங் படிப்புக்காக மனையை அடமானம் வைக்கப் போயிருக்கிறார். "தம்பி, பத்திரத்துல கிழக்கே இருபதடி ரோடுன்னு இருக்காம். கிழக்கே ரோடே இல்லியேன்னு பேங்குல திருப்பிட்டாங்க" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த ரோடு பழைய பத்திரத்தின் ரோடு. நான்கு எல்லையில் மூன்றை மாற்றியவன், ஒன்றை விட்டுவிட்டேன்.

பிழைத்திருத்தல் பத்திரம் போட்டால் தீர்ந்தது என்பீர்கள். எழுதிக்கொடுத்தவர் கையெழுத்து வேண்டுமே! அவர் இறந்துவிட்டார். வாரிசுகள் மூன்று பேர். ஒருவர் வெளி மாநிலத்தில். இன்னொருவர் கையெழுத்துக்குப் பணம் கேட்டார். கோர்ட்டுக்குப் போக, 1963ஆம் வருஷத்துக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 26ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் கல்லூரி அட்மிஷன் கோர்ட்டுக்காகக் காத்திருக்குமா? கையெழுத்து வாங்கி முடிக்கப் பதினோரு மாதம். செலவை சீனியர் தன் கையிலிருந்து கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குப் போன வருஷத்தை யாரும் கொடுக்க முடியவில்லை.

அன்று சீனியர் சொன்னது ஒன்றே ஒன்று: "ஏம்பா, பழைய பத்திரம் மாதிரி ஆகாது. அது இன்னொருத்தர் சொத்து."

மாணவர்களே, இதுதான் முதல் பாடம். முடிந்துபோன பத்திரத்தை மாதிரியாக வைக்காதீர்கள். அதை வாக்கியம் வாக்கியமாகப் பிரியுங்கள். என்றும் மாறாதது எது? ஒவ்வொரு முறையும் மாறுவது எது? சில சமயம் மட்டும் வருவது எது? "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்பது மாறாதது. பெயர், புல எண், விஸ்தீரணம், நான்கு எல்லை எல்லாம் மாறுவது. மைனருக்குக் கார்டியன், பவர் ஏஜென்ட் கையெழுத்து, நிலுவையில் உள்ள அடமானம் இவை சில சமயம் வருவது. தவறு அதிகம் ஒளிந்திருப்பது இந்த மூன்றாவது வகையில்தான்.

இரண்டாவது, ஒரு தகவலை ஒரே ஒரு முறை கேளுங்கள். பெயர் பத்து இடத்தில் வந்தாலும் ஒரு கேள்வியிலிருந்தே நிரம்ப வேண்டும். மூன்றாவது, நிரப்பாத இடம் இருந்தால் பத்திரம் அச்சாகவே கூடாது. அன்று கிழக்கு எல்லை காலியாக இருந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். பழைய ரோடு உட்கார்ந்திருந்ததால்தான் யாருக்கும் தெரியவில்லை. 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் வேண்டும் என்று சும்மா சொல்லவில்லை.

நான்காவது, நம் தமிழ். இங்கிலீஷில் பெயரைச் செருகினால் போதும். இங்கே முருகனுக்கு, சீதாவுக்கு, செல்விக்கு என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாக வேற்றுமை ஏற்கும். எங்கள் குறுக்கு வழி, பெயருக்குப் பின்னால் "அவர்கள்" போடுவது. "சீதா அவர்களுக்கு" என்றால் உருபு எப்போதும் ஒன்றுதான், மரியாதையும் ஆயிற்று. எழுதிக்கொடுப்பவர் ஒருவரா, பலரா? "நான் எழுதிக்கொடுத்தேன்", "நாங்கள் எழுதிக்கொடுத்தோம்" என்று பத்திரம் முழுக்க மாறும். தொகையை எழுத்தில் எழுதும்போதும் இரண்டு லட்சம் என்பது, பின்னால் ஐம்பதாயிரம் வந்தால் இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் ஆகும். இதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

பழைய ஃபைல்கள் இன்னொரு தலைவலி. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010ல். அதற்கு முன்பு ஆளுக்கொரு எழுத்துரு. மாற்றினால் எழுத்து வரும், சரியாக வருமா? மூலத்தோடு ஒப்பிட்டு ஒருவர் வாசிக்க, ஒருவர் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை.

ஐந்தாவது, மாதிரிக்கும் வயதாகும். ஒரு ஆபீசில் பாகப் பிரிவினை மாதிரி பார்த்தேன். "மகன்கள் பெயர்" என்று ஒரு கேள்வி. மகள்களுக்குக் கேள்வியே இல்லை! கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் உரிமை தமிழ்நாட்டில் 1989லும், நாடு முழுவதும் 2005லும் வந்தாயிற்று. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. கேட்காத கேள்விக்குப் பதில் வராது, ஒரு பெண்ணின் பங்கு சத்தமில்லாமல் போய்விடும். மாதிரியின் தலையில் கடைசியாகச் சரிபார்த்த தேதியும், பார்த்தவர் பெயரும் இருக்கட்டும்.

2018ல் ஸ்டார் 2.0 வந்தபிறகு பதிவுத்துறை வேலையே பெரும்பாலும் ஆன்லைனுக்குப் போய்விட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் நிமிஷத்தில் பத்திரம் எழுதித் தருகிறது. நல்லதுதான். மிச்சமான அந்த அரை நாளில் என்ன செய்வீர்கள்? நான் சொல்கிறேன். கட்சிக்காரரோடு மனைக்குப் போங்கள். கிழக்கே பார்த்து நில்லுங்கள். கையில் இருக்கிற பத்திரத்தை உரக்கப் படியுங்கள்.

நான் அன்று போகவில்லை. நீங்கள் போங்கள்.