விலகல் கடிதமும் தொழிற்பயிற்சி உரிமையும்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு லயம் லயமாக நடமாடுகிறது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை போடுவார்களா, வீடு கட்ட விற்பார்களா என்பது நிர்வாகத்தாருக்கே வெளிச்சம். வேலை போனால் வேறு தொழில் பழக அரசாங்கம் என்ன வழி வைத்திருக்கிறது, அந்த வழியில் நம்மால் நடக்க முடியுமா என்பதையே இன்று பேச வந்தோம்.

1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் முன்னோர் மூட்டை முடிச்சோடு வெளியேறினர். 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிச் சில தோட்டங்களை வாங்கிக் காத்தார். மற்றவர் பாடு அவரவர் பாடாயிற்று. வேலையிழந்தவனின் பயிற்சிச் செலவை ஏற்கும் காப்புறுதி அன்று கிடையாது.

இன்று உண்டு. வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. முதலாளி 0.2 விழுக்காடு, தொழிலாளி 0.2 விழுக்காடு என்று சந்தா தொடங்கிற்று. ஆகவே சொக்சோ கொடுப்பது தர்மப் பணமன்று, நம் சம்பளத்தில் பிடித்த பணம். வேலை தேடும் காலத்துக்குப் படி, பயிற்சிக் கட்டணம், பயிற்சி நாட்களுக்குத் தனிப்படி எல்லாம் அதில் அடக்கம்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஆள் குறைப்பு போன்ற காரணங்களால் வேலை போனவருக்கே இவை கிடைக்கும். தானாக விலகியவருக்கு ஒரு காசும் இல்லை. ஆபீசில் உட்காரும் கிராணிமாராகிய எங்களுக்கு அந்த ஒற்றைச் சொல்லின் விலை தெரியும். "கணக்கு முடிக்க ஒரு கையெழுத்துப் போடு" என்று தாளை நீட்டுவார்கள். அது விலகல் கடிதமாக இருந்தால் பயிற்சியும் போயிற்று, 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி வரவேண்டிய பணிநீக்கத் தொகையும் போயிற்று. ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் அது! வாசித்துக் காட்டச் சொல்லாமல் எந்தத் தாளிலும் கை வைக்காதீர்கள். வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவில் மனுச் செய்ய வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

சரி, மனுவும் செய்தாயிற்று. பிறகு? பாரம் மலாயில், அதுவும் கணினியில். பயிற்சி நிலையமோ பட்டணத்தில். சட்டம் வந்தபோது வைத்த பயிற்சிப்படி நாளுக்கு 10 முதல் 20 வெள்ளி. வேலை தேடும் படியோ முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, ஆறாம் மாதம் 30 விழுக்காடு என்று தேய்கிறது. மூன்று பிள்ளைகளை வைத்திருக்கும் தாய் எந்தப் பஸ்ஸில் போய் எந்த நேரத்தில் படிப்பார்? சட்டம் எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து போகிறவர்களை அவர்கள் மனத்தில் வைத்து எழுதவில்லை, அவ்வளவுதான். அடையாள அட்டை இல்லாதவர் நிலை இன்னும் மோசம். அது தனிப் போராட்டம்.

பலருக்குத் தெரியாத ஒரு வழியும் இருக்கிறது. வகுப்பில் உட்காராமலே, செய்து பழகிய வேலைக்கு ஆதாரம் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். மலாயில் சுருக்கமாகப் பிபிதி என்பார்கள். லோரி பழுது பார்த்தவர், ஆலையில் வெல்டிங் செய்தவர், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர் இதை விசாரிக்க வேண்டும். அதற்கு அனுபவக் கடிதம் தேவைப்படும். தோட்டம் கைமாறிய பின் கேட்டால் யார் கொடுப்பார்? இப்போதே கேளுங்கள். எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.

நிர்வாகத்திடமும் ஒரு கேள்வி உண்டு. 2021 மார்ச் முதல் 10 உள்நாட்டுத் தொழிலாளருக்குக் குறையாமல் வைத்திருக்கும் முதலாளிமார், தோட்டத் துறையினர் உட்பட, சம்பளத்தில் 1 விழுக்காடு மனிதவளப் பயிற்சி வரி கட்டக் கடமைப்பட்டவர்கள். அந்தப் பணத்தில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவராவது படித்ததுண்டா? மரம் விழுமுன், சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தோட்டத்து மண்டபத்திலேயே பயிற்சி வேண்டும் என்று அடுத்த பேச்சுவார்த்தையில் கேட்கத் தீர்மானம் கொண்டு வருகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளை அலுவலகம் திறந்திருக்கும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, நிர்வாகம் கொடுத்த கடிதம் ஏதுமிருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். கையெழுத்துப் போடுமுன் வாருங்கள்.