வரிக்கும் வரிக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள்

(குடியிருப்போர் நலச் சங்கத்தினருக்கும் சுய உதவிக் குழுவினருக்கும் கைபேசியில் அறிவிப்பு தயாரிப்பது பற்றி நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் எத்தனை பேர் தெருவுக்கோ, குழுவுக்கோ ஓர் அறிவிப்பு தயாரித்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்க பார்ப்போம். பாதிக்கு மேல இருக்கீங்க, சந்தோஷம். ரத்த தான முகாம், குடிநீர் நிறுத்தம், வரி கட்டக் கடைசி நாள் என்று எல்லாவற்றையும் இப்போது கைபேசியிலேயே வடிவமைத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். எழுத்துரு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். கலர் மாற்றுகிறோம், படம் வைக்கிறோம். ஆனால் வரி இடைவெளியை மட்டும் யாரும் தொடுவதில்லை. நானும் தொட்டதில்லை. தொட்டபோதும் தப்பாகத்தான் தொட்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பகுதியில் ஓய்வூதியர்களுக்கு டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுக்கும் முகாம் ஒன்று நடந்தது. அறிவிப்பு தயாரிக்கும் வேலை எனக்கு. தலைப்பு, சங்கத்தின் சின்னம், ஒரு படம், கீழே நிர்வாகிகள் பெயர்ப் பட்டியல் எல்லாம் வைத்த பிறகு, முக்கியமான 14 வரிகளுக்கு இடம் போதவில்லை. நான் என்ன செய்தேன்? வரி இடைவெளியை இழுத்துக் குறைத்தேன். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. எனக்கு ஒரே பெருமை!

முகாம் அன்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். ஆதார் கொண்டு வந்திருந்தார், பி.பி.ஓ. எண் எழுதி வைத்திருந்தார், வங்கிப் புத்தகமும் இருந்தது. கைபேசி இல்லை. ஓ.டி.பி. கைபேசிக்குத்தானே வரும்? "டீச்சரம்மா, போன் கொண்டு வரணும்னு நோட்டீஸ்ல போட்டிருந்தோமே" என்றேன். அவர் கைப்பையிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்தார். "தம்பி, ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சுட்டுத்தான் வந்தேன். எங்கே இருக்கு, காட்டு" என்றார். காட்டினேன். இரண்டு வரிகளுக்கு நடுவில் அந்த வரி நசுங்கிக் கிடந்தது. ஜெராக்ஸ் எடுத்ததில் இன்னும் மோசம். அவர் வெயிலில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஏன் அப்படி ஆனது? நாம் ஒரு வரியைப் படித்து முடித்ததும் கண் இடது ஓரத்துக்குத் திரும்பி அடுத்த வரியைப் பிடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் வெள்ளை இடம்தான் அதற்கு வழிகாட்டி. அந்த இடம் குறைந்தால் கண் தடுமாறும். படித்த வரியையே மறுபடி படிக்கும், அல்லது ஒரு வரியைத் தாண்டிப் போய்விடும். வயதானவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் இது இன்னும் கஷ்டம்.

தமிழுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லையே பாருங்கள். 'மி'யின் கொக்கி மேலே வளைகிறது, 'ழ'வின் வால் கீழே இறங்குகிறது, அதன் தலையில் ஒரு புள்ளி. 'பு', 'சு', 'து' எல்லாம் கீழே இறங்குபவை. ஆங்கில எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இவ்வளவு சுமை கிடையாது. மேல்வரியின் கால், கீழ்வரியின் தலையில் இடித்தால் என்ன ஆகும்? 'நீலம்' என்பதற்கும் 'நிலம்' என்பதற்கும் வித்தியாசம் அந்தத் தலைச் சுழி மட்டும்தான். 'வீடு', 'விடு' என்பதும் அப்படியே. 'மூடி', 'முடி' என்பதில் வித்தியாசம் காலடியில் இருக்கிறது. புள்ளியோ எல்லாவற்றையும் விடச் சின்னது. நெருக்கினால் முதலில் காணாமல் போவது அதுதான்.

சரி, எவ்வளவு இடைவெளி வைக்கலாம்? பழைய அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கோத்த காலத்தில், வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயப் பட்டைகளைச் செருகுவார்கள். ஆங்கிலத்தில் லெட் என்றால் ஈயம். அதனால்தான் வடிவமைப்பு மென்பொருள்களில் இன்றும் வரி இடைவெளிக்கு 'லெடிங்' என்று பெயர். இன்டிசைன் போன்ற மென்பொருளில் தானாக வரும் அளவு, எழுத்தின் அளவில் 120 சதவீதம், அதாவது 1.2 மடங்கு. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு 1.5-இல் தொடங்குங்கள் என்பது என் அனுபவம். எழுத்தளவு 16 என்றால் வரி உயரம் 24. தலைப்பு பெரிய எழுத்தில் இருப்பதால் அதற்கு 1.3 கூடப் போதலாம். ஆனால் 2-ஐத் தாண்டாதீர்கள். அப்புறம் வரிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாக நிற்கும்.

இணையதளங்களுக்கும் இப்படி ஓர் அளவு உண்டு. டபிள்யூ3சி அமைப்பு 2018-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல் 2.1, படிப்பவர் தன் வசதிக்காக வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.5 மடங்காக மாற்றிக்கொண்டாலும் பக்கத்தில் எதுவும் மறையவோ வெட்டுப்படவோ கூடாது என்கிறது.

இப்போது கைபேசியை எடுங்கள். செய்து பார்ப்போம். பதிப்புக்குப் பதிப்பு மெனு பெயர்கள் கொஞ்சம் மாறலாம், பயப்பட வேண்டாம்.

கேன்வா வைத்திருப்பவர்கள் எழுத்தைத் தொடுங்கள். கீழே வரும் பட்டையைத் தள்ளினால் 'ஸ்பேசிங்' என்று இருக்கும். அதில் 'லைன் ஸ்பேசிங்'கை 1.5-க்கு நகர்த்துங்கள். பக்கத்திலேயே 'லெட்டர் ஸ்பேசிங்' இருக்கும். அது எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடம். அதை 0-விலேயே விட்டுவிடுங்கள். தமிழில் அதைக் கூட்டினால் ஒரு சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும்.

கூகுள் டாக்ஸ் செயலியில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, மேலே 'ஏ' எழுத்துள்ள பொத்தானைத் தொட்டால் 'பாராகிராப்' என்ற பகுதி வரும். அங்கே 'லைன் ஸ்பேசிங்' இருக்கிறது.

கணினியில் வேர்டு பயன்படுத்துபவர்கள் 'லைன் ஸ்பேசிங் ஆப்ஷன்ஸ்' போய் 'மல்டிபிள்' என்பதைத் தேர்ந்து 1.5 கொடுங்கள். அங்கே 'எக்ஸாக்ட்லி' என்றும் ஒன்று இருக்கும். அதில் சின்ன எண் கொடுத்தால் எழுத்தின் தலை வெட்டுப்பட்டுவிடும். 'கி' பார்க்க 'க' மாதிரி ஆகிவிடும். இங்க்ஸ்கேப்பில் எழுத்துக் கருவியை எடுத்தால் மேல்பட்டையில் வரி இடைவெளிக்கு எண் போடும் கட்டம் இருக்கும். அதில் மில்லிமீட்டரில் கொடுக்காமல் மடங்காகக் கொடுங்கள். பிறகு எழுத்தைப் பெரிதாக்கினால் இடைவெளியும் கூடவே பெரிதாகும்.

இரண்டு பழக்கங்களை இன்றோடு விட்டுவிடுவோம். ஒன்று, இடைவெளிக்காக என்டரை இரண்டு தடவை தட்டுவது. அதனால் ஒரு முழு வரி காலியாகும், அவ்வளவுதான். ஒரு பத்திக்குள் இருக்கும் வரிகள் அப்படியே நெருக்கமாகத்தான் இருக்கும். இரண்டு, எழுத்துருவை மாற்றிவிட்டு இடைவெளியைச் சரிபார்க்காமல் விடுவது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் அதன் கோப்பிலேயே மேல் அளவு, கீழ் அளவு தனித்தனியாக இருக்கிறது. ஒன்றில் சரியாக இருந்த 1.2, இன்னொன்றில் இடிக்கும்.

"இடம் பத்தலையே சார்?" என்று ஓர் அக்கா கேட்கிறார். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 புள்ளி அளவில் 14 வரிகள். 1 மடங்கு வைத்தால் 224 புள்ளி உயரம். 1.5 வைத்தால் 336. வித்தியாசம் 112 புள்ளி. ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி, ஆகவே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். ஏ4 தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர். அந்த 4 சென்டிமீட்டரை எங்கிருந்து எடுப்பது? என் பழைய நோட்டீஸை அளந்து பார்த்தேன். நிர்வாகிகள் பெயர்ப் பட்டியல் மட்டும் 5 சென்டிமீட்டர் இருந்தது, அதில் என் பெயரும்! எங்கள் பெயர்களுக்கு இடம் இருந்தது, டீச்சரம்மா படிக்க வேண்டிய வரிக்கு இடம் இல்லை.

அதனால் இடம் போதாதபோது முதலில் பெயர்களையும் படத்தையும் குறையுங்கள். அடுத்து சொற்களைக் குறையுங்கள். 'தவறாமல் உடன் எடுத்து வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பதற்கு 'கொண்டு வர வேண்டியவை' என்ற தலைப்பு போதும். அப்படியும் போதாவிட்டால் இரண்டு பக்கமாகப் போடுங்கள். வரி இடைவெளியில் கை வைக்காதீர்கள்.

அனுப்புவதற்கு முன் மூன்று சோதனை. பெரிதாக்காமல், கைபேசியை ஒரு முழ தூரத்தில் வைத்துப் படியுங்கள். அச்சடிப்பதாக இருந்தால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, புள்ளியும் சுழியும் தெரிகிறதா பாருங்கள். கடைசியாக, வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் அப்படியே போகும்.

அடுத்த தடவை முகாம் நடந்தபோது அறிவிப்பை இரண்டு பக்கமாகத் தயாரித்து, அந்த டீச்சரம்மாவிடமே முதலில் காட்டினேன். விரல் வைக்காமல் படித்தார். "இப்ப சரியா இருக்கு தம்பி" என்றார். நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் கடைசியாக அனுப்பிய அறிவிப்பைத் திறந்து, 1.5 வைத்து ஒரு தடவை பாருங்கள்.