லேப்டாப் கொதிக்கிறதா? பேஸ்ட் மாற்றும் முன் ஐந்து சோதனைகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடை பிறந்தால் லிஃப்டில் என்னைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "லேப்டாப் அடுப்பு மாதிரி சுடுது சார். தெர்மல் பேஸ்ட் மாத்தணும்னு கடையில சொல்றாங்க. மாத்திடலாமா?" பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், எல்லோருக்கும் பொதுவாக இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு மாற்றத்தான் வேண்டும். பலருக்கு அதற்கு முன்பே வேலை முடிந்துவிடும்.

முதலில், அந்தப் பேஸ்ட் என்ன செய்கிறது? லேப்டாப்பின் மூளையான பிராசசர் வேலை செய்யும்போது சூடாகும். அதன் மேல் ஒரு செம்புத் தகடு அமர்ந்திருக்கிறது. அதிலிருந்து செம்புக் குழாய் வழியாகச் சூடு ஓரத்துக்குப் போகும்; அங்கே ஃபேன் அதை வெளியே தள்ளும். பிராசசரும் தகடும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் உண்டு. அவற்றில் காற்று நின்றால் சூடு நகராது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பேஸ்ட். சில வருடங்களில் அது காய்ந்துபோகலாம், அல்லது ஓரத்துக்கு ஒதுங்கிவிடலாம்.

ஆக, சூடு வெளியேறும் பாதையில் பேஸ்ட் ஒரு கண்ணி மட்டுமே. அடைப்பு எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய ஐந்து சோதனைகள் இதோ.

1. லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா? அடிப்பாகம் உப்பியிருக்கிறதா? மேசையில் வைத்தால் ஆடுகிறதா? அப்படியானால் பேட்டரி வீங்கியிருக்கலாம். பேஸ்ட் பேச்சையே விடுங்கள். சார்ஜரைக் கழற்றி, அணைத்து, அழுத்தாமல், குத்தாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள். ஒரு வீட்டில் பற்றினால் ஒரு பிளாக்குக்கே ஆபத்து.

2. எங்கே வைத்து வேலை செய்கிறீர்கள்? மெத்தை, தலையணை, மடி, இவை அடியில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிடும். மேசை மேல் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். அறை வெப்பமும் முக்கியம். 25 டிகிரி ஏசி அறையிலிருந்து 36 டிகிரி ஹாலுக்கு வந்தால், பிராசசரின் சூடும் ஏறக்குறைய அதே அளவு கூடும்.

3. டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். நீங்கள் எதுவும் செய்யாதபோதே பிராசசர் 30, 40 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால், குற்றவாளி ஏதோ ஒரு மென்பொருள். அதை நிறுத்தினால் சூடும் நிற்கும்.

4. சூட்டை எண்ணில் பாருங்கள். எச்.டபிள்யூ. மானிட்டர் போன்ற இலவச மென்பொருள் போதும். கனமான வேலையின்போது 80, 85 டிகிரி செல்சியஸ் காட்டினால் பயப்பட வேண்டாம். மெல்லிய லேப்டாப்களுக்கு அது வழக்கம்தான். பல பிராசசர்கள் 100 டிகிரி அருகே வந்ததும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் லேப்டாப் அணைந்துவிடும். அடிக்கடி 95-ஐத் தாண்டினால், அல்லது மீட்டிங் நடுவே அணைந்தால், கவனிக்க வேண்டியதுதான்.

5. காற்று வரும் துளையில் கையை வையுங்கள். இதுதான் முக்கியமான சோதனை. ஃபேன் சத்தமே இல்லாமல் சூடு ஏறினால், ஃபேன் பழுது. ஃபேன் இரைகிறது, காற்று மட்டும் பலவீனம் என்றால், தூசி அடைப்பு. காற்று பலமாகவும் நல்ல சூடாகவும் வந்தால், பாதை சரியாகத்தான் இருக்கிறது. மென்பொருளையும் அறையையும் பாருங்கள். காற்று பலமாக வருகிறது, ஆனால் வெதுவெதுப்புதான். வேலை தொடங்கிய சில நொடிகளிலேயே எண் மட்டும் 95-ஐத் தொடுகிறது என்றால், சூடு தகட்டுக்கு ஏறவில்லை. அப்போதுதான் பேஸ்ட் மீது சந்தேகம் வர வேண்டும்.

என் அனுபவத்தில் அதிகம் பார்ப்பது தூசிதான். பக்கத்துக் காலி மனையில் கட்டட வேலை நடக்கும் நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பல மாடல்களில் தகட்டைக் கழற்றாமலே ஃபேனைச் சுத்தம் செய்யலாம்; பேஸ்ட்டைத் தொடவே வேண்டாம். ஆனால் தகட்டை ஒருமுறை தூக்கிவிட்டால் புதுப் பேஸ்ட் கட்டாயம்.

எப்போது மாற்றலாம்? வாரண்டி முடிந்து, மூன்று நான்கு வருடமாகி, தூசி துடைத்தும், ஃபேன் நன்றாக ஓடியும் சூடு குறையாவிட்டால் தாராளமாக மாற்றுங்கள். புது லேப்டாப் விலையோடு ஒப்பிட்டால் செலவு மிகச் சிறியது.

எப்போது வேண்டாம்? வாரண்டி இருந்தால் வெளிக்கடையில் திறக்காதீர்கள். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே போங்கள். சில கேமிங் லேப்டாப்களில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கும். அது மின்சாரம் கடத்தும். ஒரு துளி சிந்தினாலும் போர்டு போய்விடும். பழக்கமில்லாதவர் கையில் கொடுக்காதீர்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன் மூன்று காரியங்கள். ஒன்று, புகைப்படங்களையும் கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பேஸ்ட்டை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படத்தை வாங்க முடியாது. இரண்டு, இப்போதைய வெப்ப அளவைப் படம் எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் அதே அறையில் அதே வேலையைச் செய்து ஒப்பிடுங்கள். மூன்று, பக்கத்துச் சிப்புகளின் மேல் உள்ள தெர்மல் பேட்களைக் கிழிக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். அவை தடிமனானவை, அந்த இடத்தில் பேஸ்ட் தடவினால் தகடு எட்டாது.

கூட்டத்தில் வந்த இரண்டு கேள்விகள்.

கூலிங் பேட் வாங்கலாமா? வாங்கலாம், சில டிகிரி குறையும். ஆனால் உள்ளே இருக்கும் தூசியை அது எடுக்காது.

வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சலாமா? வேண்டாம். நிலைமின்சாரமும், ஃபேன் மிதமிஞ்சிச் சுழல்வதும் கெடுதல். அணைத்துவிட்டு, ஃபேன் சுழலாதபடி பிடித்துக்கொண்டு, ஊதும் பிளோயரால் விட்டு விட்டு ஊதுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதை வீட்டுக் குப்பையிலிருந்து பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். நம் குப்பையைப் பிரிக்கும் அக்காக்களின் கைகளுக்கும் அதுவே பாதுகாப்பு.