நாம் எத்தனை பேர்?



எனக்கு ஒதுக்கியது இருபது நிமிடம். சால்வைக்கும் போட்டோவுக்குமே ஐந்து நிமிடம் போய்விட்டது. நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

அழைப்பிதழில் ‘தமிழகத் தொண்டு நிறுவனங்கள்: அளவும் வகையும்’ என்று போட்டிருக்கிறார்கள். அமைப்பாளரிடம் போனில் கேட்டேன். “ஐயா, வகையைப் பற்றிப் பேசிவிடலாம். அளவு எவ்வளவு?” “அதைச் சொல்லத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கோம்” என்றார். என்னிடம் ஒரு எண் இல்லை. சொல்லப்போனால், அரசாங்கத்திடமும் ஒரே எண் இல்லை.

ஏன் இல்லை? ஏழு பேர் சேர்ந்து துணைவிதி எழுதிக்கொண்டு போனால், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளர் சங்கமாகப் பதிவு செய்கிறார். அறக்கட்டளை என்றால் பத்திரத்தோடு சார்பதிவாளர் அலுவலகம். லாபநோக்கில்லாத கம்பெனி என்றால் அது மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறையின் பொறுப்பு. வெளிநாட்டுப் பணம் வாங்கினால் உள்துறை அமைச்சகம். நன்கொடைக்கு வரிவிலக்கு வேண்டுமா, வருமான வரித்துறை. வக்பு சொத்து என்றால் வக்பு வாரியம். வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் இன்றுவரை பந்தி நடக்கிறது. அது இருப்பதோ இந்து சமய அறநிலையத் துறையின் ஏட்டில். ஒரே அமைப்பு மூன்று ஏட்டில் இருக்கும். மூன்றிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று அந்த ஏடுகளுக்குத் தெரியாது.

எண்ணிப் பார்க்க முயற்சியே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. மத்தியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 2008 வரை ஏட்டில் ஏறியிருந்த சங்கங்கள் சுமார் 31 லட்சம். முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் தெருத்தெருவாகப் போனார்கள். எல்லா முகவரிக்கும் போகவில்லை. போன இடங்களிலும் பெரும்பாலான கதவைத் திறக்க ஆள் இல்லை. கண்டுபிடிக்க முடிந்தது 7 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

மற்றதெல்லாம் மோசடி என்று ஒரு வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. மோசடி இல்லாமல் இல்லை. ஆனால் உங்களுக்கும் எனக்கும் உள்விவகாரம் தெரியும். தொடங்கியவர் மகன் வீட்டோடு பெங்களூர் போயிருப்பார். தலைவருக்கும் செயலாளருக்கும் பேச்சே நின்றிருக்கும். ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் பொருளாளர் வீட்டுப் பரணில் கிடக்கும். (சிரிக்காதீர்கள், மூன்றாவது வரிசையில் ரொம்பச் சிரிக்கிறீர்கள்.) சங்கத்தைத் தொடங்கச் சட்டம் இருக்கிறது. கலைப்பதற்கும் சட்டம் இருக்கிறது. கலைக்கத்தான் யாரும் அலைய மாட்டோம்.

ஆக, ஏட்டில் இருப்பதெல்லாம் உயிரோடு இல்லை. இது ஒரு பாதி. மறுபாதியைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். உயிரோடு இருப்பதெல்லாம் ஏட்டிலும் இல்லை.

இந்த மதுரையிலிருந்து தெற்கே விருதுநகருக்குப் போங்கள். அங்கே 1889-இல் க்ஷத்ரிய வித்யாசாலை என்று ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது? நாடார் உறவின்முறையின் மகமையிலிருந்து. கடையில் சரக்கு வருகிறது, போகிறது. ஒவ்வொரு மூட்டைக்கும் இத்தனை என்று ஒரு சின்னத் தொகை பொதுவுக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். வீட்டுப் பெண்களிடம் மூட்டை ஏது? அவர்கள் பங்குக்குப் பிடியரிசி. உலை வைக்கும்போது பானையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டு வைப்பது. அதை வந்து வாங்கிப்போக ஆள் உண்டு. கோயிலுக்குள்ளும் பொதுக் கிணற்றுக்கும் வரக்கூடாது என்று தடுக்கப்பட்ட ஒரு சமூகம், சோற்றில் ஒரு பிடியைக் குறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கட்டியது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குச் செய்துகொண்டதுதானே, இது எப்படிப் பொதுத்தொண்டு என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். நான் அவரோடு உடன்படவில்லை. தனக்காகச் சேர்வதில்தான் நம் ஊரின் பாதிச் சங்கங்கள் பிறந்திருக்கின்றன. அதைக் கழித்துவிட்டால் கணக்கில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இன்றைக்கும் அப்படித்தான். அனாதைப் பிணங்களை அடக்கம் செய்யும் இளைஞர்கள், பிரியாணிக் கடை வாட்ஸ்அப் குழுவிலிருந்து ரத்தம் கொடுக்க ஓடுகிறவர்கள், கண்மாய்க்கரை சீமைக்கருவேலத்தை ஞாயிற்றுக்கிழமை வெட்டுகிறவர்கள், பாம்பு பிடிக்கிறவர்கள், நடிகர் பெயரில் நற்பணி மன்றம் வைத்து நோட்டுப்புத்தகம் கொடுக்கிறவர்கள். இவர்களில் எத்தனை பேரிடம் பதிவு எண் இருக்கும்?

பெரிய நிறுவனங்களை நான் குறைத்துப் பேசவில்லை. இந்த மதுரையிலேயே 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி ஒரு வீட்டில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கொடுக்க முடிந்தவரிடம் கட்டணம், முடியாதவருக்கு இலவசமாகவோ சொற்பத்துக்கோ அதே ஆபரேஷன். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992-இல் ஆரோலேப் என்று லென்ஸ் செய்யும் ஆலையையே தொடங்கிவிட்டார்கள். சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் வந்த புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கையில் தொடங்கியது. திண்டுக்கல் பக்கம் 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமம் கண்டார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒற்றை மனிதர் சேர்த்த புத்தகங்கள் அவர் மறைவுக்குப் பின் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஆயின. இவை எல்லாமே ஒரு காலத்தில் கணக்கெடுப்பவர் கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக இருந்தவை. 11 படுக்கையை யார் கணக்கில் எடுத்திருப்பார்?

எண்ணினால் என்ன, எண்ணாவிட்டால் என்ன, வேலை நடந்தால் சரி என்று தோன்றலாம். அதற்குப் பதில் நாகப்பட்டினத்தில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26, சுனாமி. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான அமைப்புகள் வந்து இறங்கின. எல்லோரும் நல்ல மனதோடு வந்தவர்கள்தான். லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. மீனவப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத துணிகள் சாலையோரத்தில் குவிந்து, மழையில் நனைந்து, கடைசியில் அதை அள்ளிப் போடுவது நகராட்சிக்குத் தனி வேலையாகிவிட்டது. சாலையை ஒட்டிய குப்பத்துக்கு ஐந்து அமைப்புகள் சோறு கொண்டுவந்தன. உள்ளே தள்ளியிருந்த குப்பத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. பின்னால் படகு கொடுத்தபோதும் இதே கதை. முன்பு இருந்ததைவிட அதிகப் படகு வந்த ஊர்கள் உண்டு. வலை பின்னுகிறவர்களுக்கும் மீன் விற்கிற பெண்களுக்கும் தலித் கூலித் தொழிலாளர்களுக்கும் என்ன நஷ்டம் என்று முதலில் யாரும் கேட்கவில்லை.

அதைச் சரிசெய்தது என்ன? ஆட்சியர் அலுவலகத்திலேயே தொண்டு அமைப்புகளின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று உட்கார்ந்தது. மீனவர் சங்கங்களோடு ஏற்கெனவே வேலை செய்துவந்த அமைப்புகள் அதை நடத்தின. அவர்கள் செய்த முதல் காரியம் யார் எந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்று எழுதியதுதான். ஒவ்வொரு குப்பத்திலும் யாருக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தார். அந்தப் பஞ்சாயத்து எந்தச் சட்டத்திலும் பதிவான அமைப்பு இல்லை. அதிலும் குறை உண்டு. பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. ஆனாலும் பஞ்சாயத்தார் இல்லாமல் ஒரு பொட்டலம்கூட ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்காது. அந்தப் பட்டியல் டிசம்பர் 25-ஆம் தேதியே கையில் இருந்திருந்தால்?

இப்போது பணம். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2014 ஏப்ரலிலிருந்து சட்டம். நல்ல சட்டம். அந்தப் பணத்தை வாங்க மூன்று வருட அனுபவம், வரிவிலக்குச் சான்று, மத்திய அரசிடம் தனிப் பதிவு எல்லாம் வேண்டும். வெளிநாட்டு நன்கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் சென்னையில் ஒரு பெரிய அமைப்பு வாங்கி, கமுதியிலோ கல்வராயன் மலையிலோ இருக்கிற சின்ன அமைப்புக்கு ஒரு பங்கு கொடுக்கும். 2020-இல் வந்த திருத்தம் அந்தக் கைமாற்றைத் தடுத்துவிட்டது. நிர்வாகச் செலவு வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கிவிட்டது. தவறு செய்கிறவனைப் பிடிக்கத்தான் சட்டம் என்கிறார்கள். தவறு செய்கிறவனிடம் நல்ல ஆடிட்டர் இருக்கிறார். மாட்டிக்கொண்டது கமுதிக்காரர்.

டெல்லிச் சட்டத்தை நாம் இந்த மண்டபத்திலிருந்து மாற்ற முடியாது. தீர்மானம் போடலாம், போடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நம் மாவட்டத்தின் பட்டியலை நாமே எழுத யார் தடுத்தார்கள்?

அதற்காகத்தான் உங்கள் நாற்காலியில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். சாப்பாட்டு டோக்கன் என்று நினைத்து மடித்துப் பையில் வைத்தவர்கள் தயவுசெய்து எடுங்கள். நான்கே கேள்வி. என்ன வேலை செய்கிறீர்கள்? எந்தத் தெரு, எந்த ஊர்? அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? கடைசியாக எந்த ஆண்டுக்கு வரவு செலவு எழுதினீர்கள்? பதிவு எண் கேட்கவில்லை, கவனியுங்கள். நான்காவது கேள்வி சிலருக்கு உறுத்தும். பிடியரிசி வாங்கியவர்களும் கணக்கு வைத்திருந்தார்கள், நாமும் வைப்போம். ஆடிட்டர் கையெழுத்து இல்லாவிட்டால் பரவாயில்லை, நாற்பது பக்க நோட்டு போதும்.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். நிறுவனர் பெயரை எழுதாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுக்கிறவர் பெயரை எழுதுங்கள். உங்கள் தெருவில் பெயர்ப்பலகை இல்லாமல் வேலை செய்கிற ஒரு குழு இருந்தால், அவர்களுக்கும் சேர்த்து ஒரு தாள் வாங்கிக்கொண்டு போங்கள். எழுதிய தாளை டீ கொடுக்கிற மேஜையில் கொடுத்துவிடலாம். பேனா இல்லாதவர்கள் அங்கேயே கேளுங்கள்.