கரப்பந்தாட்டப் பயிற்சி



1991 முதல் நம் நாட்டின் தேசிய விளையாட்டாக விளங்குவது கரப்பந்தாட்டம். முன்பு முதல் நான்கு சுற்றுகளில் சேர்விஸ் அடிக்கும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைத்தது. 1998 இல் சர்வதேசச் சம்மேளனம் அதை மாற்றிற்று; இப்போது எந்தப் பக்கம் தவறினாலும் மறுபக்கத்துக்குப் புள்ளி. ஆதலால், வலையில் அடித்த சேர்விஸ் எதிரணிக்குப் புள்ளியைத் தானம் செய்வதாகும்.

களுவாஞ்சிக்குடிப் பிள்ளைகளோ பயிற்சிக்கு வந்தவுடன் ஸ்மாஷ் அடிக்கத்தான் பறக்கிறார்கள்! போட்டிக் காலத்துக்கு முந்திய வாரங்களில் மெல்லோட்டம், பின் ஆளுக்கு இருபது சேர்விஸ், அதன்பின் தாழ்ந்து பந்தெடுத்தல். ஸ்மாஷ் கடைசியில் இருக்கட்டும் என்கிறோம்.

உயரம் போதாதென்று நாம் வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளையும் திரும்ப அழைக்கவேண்டும். பின்வரிசையில் நின்று பந்தெடுக்கும் ‘லிபரோ’ என்னும் ஆட்டக்காரர் அதே 1998 இல்தான் விதிகளில் இடம்பெற்றார். வேறு நிறச் சட்டை அணியும் அவ்விடத்துக்கு இவர்களுள் ஒருவரை இம்முறை ஆயத்தப்படுத்துவோம்.