லாரிக்காரர் கழுத்து மப்ளர்



நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு கம்பளி மப்ளரைப் பற்றிப் பேச வந்தால் சிரிப்பீர்கள். மார்கழி விடியலில்கூட நம் சமவெளியில் வெப்பம் பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்க ரொம்ப யோசிக்கும். காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்க வருகிறவரைப் பார்த்து, "ஏனுங்க, காஷ்மீருக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்காத டீக்கடை உண்டா? ஆனால் அந்தக் கேலிக்கு, "ஆமாங்க, ராத்திரி லோடு ஏத்தறோம்" என்று நிஜமாகவே பதில் சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கிற ஊர் இது.

நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறதே, தேசிய நெடுஞ்சாலை 44, அதில் வடக்கே திரும்பிப் போய்க்கொண்டே இருந்தால் சேலம், பெங்களூர், ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி என்று கடந்து கடைசியில் ஸ்ரீநகரில் நிற்கும். கன்னியாகுமரியிலிருந்து கணக்கிட்டால் சுமார் 3,700 கிலோமீட்டர். வட இந்தியாவின் ஸ்வெட்டரும் மப்ளரும் பெரும்பாலும் பின்னப்படுகிற லூதியானா இந்தச் சாலையில்தான் இருக்கிறது. வெளிநாடுகளிலிருந்து கந்தலாக வரும் பழைய கம்பளி உடுப்புகளை நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்து, மறுபடி நூலாக்கி மலிவுக் கம்பளி நெய்கிற பானிபட்டும் இதே சாலையில்தான். ஆக, மப்ளர் பின்னுகிற ஊரும் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வருகிற ஓட்டுநரின் ஊரும் ஒரே ரோட்டின் மேல் இருக்கின்றன. நாமக்கல்காரருக்கு மப்ளரைப் பற்றிப் பேச இதைவிட வேறு உரிமை வேண்டாம்.

தமிழருக்குக் கழுத்துத் துணி குளிருக்காக வந்ததில்லை. மரியாதைக்காக வந்தது. மேடையில் பொன்னாடை, தோளில் துண்டு. யார் துண்டு தோளில் கிடக்கலாம், யார் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும் என்று அடிதடி நடந்த மண் இது. குளிருக்கென்று போர்வை கொடுத்துப் பேர் வாங்கியவன் கடையெழு வள்ளல்களில் பேகன்; அதுவும் மயிலுக்கு. இருக்கிற பறவைகளில் மப்ளர் சுற்ற வாகான கழுத்தைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறான்! அதே எழுவரில் ஒருவனான நம் கொல்லிமலை ஓரி, குளிருக்கு ஏதும் கொடுத்ததாகக் கதை இல்லை. இத்தனைக்கும் காரவள்ளியில் பஸ் ஏறி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டில் இறங்கினால், தை மாதத்தில் நம்மூர் ஆட்கள் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

என் மாமா ஒருவர் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினார். முதல் தடவை பஞ்சாப் போனபோது அவர் கழுத்தில் இருந்தது பள்ளிபாளையம் பருத்தித் துண்டு. அம்பாலா பக்கம் விடியற்காலை மூடுபனி. முன்கண்ணாடி வழியாக எதுவும் தெரியாது. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சாலையோர வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வண்டியை உருட்ட வேண்டும். பனி துண்டில் இறங்கி, துண்டு நனைந்து, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காற்றில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. "காய்ச்சக்காரனுக்குப் போடற பத்து மாதிரி இருந்துச்சு மாப்ள" என்பார். லூதியானாவில் இறக்கிய கையோடு ஒரு கம்பளி மப்ளர் வாங்கினார்.

பருத்தி ஏன் அங்கே தோற்றது? பருத்தி நூல் ஈரத்தைக் குடித்ததும் துவண்டு தோலோடு ஒட்டிக்கொள்கிறது. ஆட்டு மயிர் அப்படியல்ல. ஒவ்வொரு இழையும் சுருள் சுருளாக வளைந்திருப்பதால் இழைகளுக்கு நடுவே காற்று தங்குகிறது. குளிரைத் தடுப்பது உண்மையில் அந்தக் காற்றுதான். தன் எடையில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் ஈரத்தை இழைக்குள் வாங்கிய பிறகும் கம்பளி தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். மூடுபனியில் ஓடுகிறவருக்கு இதுதான் தேவை.

நம் பக்கத்து ஆட்டிடம் மப்ளருக்கு ஆகிற கம்பளியை எதிர்பார்க்க முடியாது. மேச்சேரி ஆடு தோலுக்குப் பேர்போனது. உடம்பில் கத்தரிக்கிற அளவுக்கு உரோமம் கிடையாது. குறும்பாட்டு உரோமத்தில் நெய்த கருங்கம்பளி உண்டு. மழைக்கும் பனிக்கும் ஆடு மேய்ப்பவர்களைக் காத்தது அது. ஆனால் கழுத்தில் சுற்றினால் பத்து நிமிஷத்தில் சொறிய வைக்கும். கம்பளியில் சோற்றைக் கொட்டிவிட்டு மயிர் இருக்கிறதே என்று குறைப்படுவதா என்று பழமொழியே இருக்கிறது. குத்தலுக்குக் காரணம் இழையின் பருமன். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு மைக்ரான். முப்பது மைக்ரானுக்கு மேல் தடித்த இழையின் நுனி வளையாமல் தோலில் குத்தும். மெரினோ ஆட்டின் நல்ல உரோமம் இருபது மைக்ரான் பக்கம் இருப்பதால் வளைந்துகொடுக்கிறது. லடாக் ஆட்டின் பஷ்மினா அதைவிட மெல்லியது. அதன் விலையைக் கேட்டுவிட்டு லாரிக்காரர் பேச வேண்டியதில்லை. சாலையோரத்தில் முந்நூறு ரூபாய்க்குக் கூவி விற்கிற 'பஷ்மினா' பஷ்மினா இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வாங்கும்போது கையால் பாருங்கள். உள்ளங்கையில் வைத்து இறுகப் பிடித்து விடுங்கள். நல்ல கம்பளி உடனே நிமிர்ந்துகொள்ளும். பிறகு கன்னத்தில் வைக்காதீர்கள், தாடைக்குக் கீழே வையுங்கள். அந்தத் தோல்தான் அதோடு குடித்தனம் நடத்தப் போகிறது. உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். கடைக்காரர் 'வுல்லன்' என்பார். சீட்டில் பொடி எழுத்தில் ஆக்ரிலிக் என்றிருக்கும். நூல்கண்டு சுற்றினாற்போன்ற வுல்மார்க் சின்னம், 1964-லிருந்து இருப்பது, இருந்தால் நம்பலாம். அதையும் போலியாக ஒட்டுகிறவர்கள் உண்டு. சந்தேகம் தீராவிட்டால் வாங்கி வந்த பிறகு குஞ்சத்திலிருந்து ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரிந்து, தீயை எடுத்ததும் அணையும். சாம்பலை நசுக்கினால் பொடியாகும். நாற்றம் எப்படி இருக்கும் என்று கோழிப்பண்ணை ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். இறகு பொசுங்குகிற அதே நாற்றம். ஆட்டு மயிர், கோழி இறகு, நம் தலைமுடி மூன்றும் கெரட்டின் என்கிற புரத வகை. ஆக்ரிலிக் என்றால் உருகிச் சொட்டிக் கெட்டி மணியாக இறுகும்.

ஆக்ரிலிக்கை நான் இழித்துப் பேசவில்லை. விலை குறைவு, எப்படித் துவைத்தாலும் தாங்கும், பூச்சி அண்டாது. கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு, ஏற்காட்டுக்கு இரண்டு நாள் போகிறவர்களுக்கு அது போதும். ஓட்டுநருக்கு மட்டும் வேண்டாம் என்பேன். வடக்கே போனால் சோறு கிடைக்காது என்று அரிசி, பருப்பு, அடுப்போடு போகிறவர்கள் நம்மவர்கள். வண்டியோரம் காற்றை மறைத்துக் குனிந்து அடுப்புப் பற்றவைக்கும்போது கழுத்தில் தொங்குவது உருகி ஒட்டும் சரக்காக இருக்கக் கூடாது.

இனி கட்டும் கலை. ஆறடி நீளம், ஓரடி அகலம் தாராளம். அதற்கு மேல் நீளம் போட்டோவுக்குத்தான் நன்றாக இருக்கும். ஊட்டியில் டூயட் பாடுகிற நாயகன் ஒரு முனையை முன்னாலும் ஒரு முனையைப் பின்னாலும் பறக்கவிடுவானே, அந்தக் கட்டு குளிருக்கு உதவாது; காற்று உள்ளே புகத் திறந்த கதவு அது. தலைமேல் போட்டுக் காதை மூடித் தாடைக்குக் கீழ் முடிச்சுப் போடுவது பல்வலிக்காரர் கட்டு. திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சுகம்தான். காது வழியாகத்தான் சளி ஏறுகிறது என்று அம்மாயி சொன்னதை நம்பிக் கட்டினாலும் தப்பில்லை, சளிக்குக் காரணம் வைரஸ் என்றாலும். ஆனால் ஸ்டியரிங் பிடிக்கிறவர் காதை மூடக் கூடாது. பின்னால் வருகிறவன் ஹாரன் கேட்க வேண்டும்.

மாமாவின் கட்டு எனக்குப் பிடித்தது. மப்ளரை நீளவாக்கில் இரண்டாக மடித்து, நடுப்பகுதியைத் தொண்டைக்குழியில் வைப்பார். இரு முனைகளையும் பிடரிக்குக் கொண்டுபோய்க் குறுக்காக மாற்றி முன்னால் இழுத்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு உள்ளே செருகிவிடுவார். முடிச்சே கிடையாது. தொண்டை, பிடரி, மார்புக்குழி மூன்றும் மூடியிருக்கும். தொங்கிக்கொண்டு எதுவும் இருக்காது. குளிர் கூடினால் முன்மடிப்பை மூக்குவரை ஏற்றிக்கொள்ளலாம். மூச்சுக்காற்று வெதுவெதுப்பாக உள்ளே போகும். இளைப்பு உள்ளவர்களுக்கு இது பெரிய உபகாரம். வெயில் ஏறினால் ஒரு கையால் இழுத்து எடுத்துவிடலாம். மங்கி குல்லாவில் இந்த வசதி இல்லை. போட்டால் முழுசாகப் போட வேண்டும், கழற்றினால் முழுசாகக் கழற்ற வேண்டும்.

தொங்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இசடோரா டங்கன் என்று உலகப் புகழ் பெற்ற நடனக்காரி. 1927 செப்டம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் திறந்த காரில் போனபோது, கழுத்தில் இருந்த நீளமான துணி சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, அங்கேயே உயிர் போயிற்று. பானட்டைத் திறந்து ஃபேன் பெல்ட் பார்க்கிறவர்கள், விசைத்தறிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள், பைக்கில் பின்னால் உட்காருகிறவர்கள், எல்லோருக்கும் அது செய்தி. அமெரிக்காவில் வண்டியின் சைலன்சருக்கே மப்ளர் என்றுதான் பேர். அது வண்டிக்கு அடியில் இருக்கட்டும்.

பராமரிப்பில் நான் தேர்ந்தவன் இல்லை. மாமாவின் அந்த லூதியானா மப்ளரைக் கெடுத்தவனே நான்தான். கல்லூரி நாட்களில் நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டு, வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, துவைகல்லில் நாலு அடி அடித்துப் பிழிந்தேன். காய்ந்தபோது பாதி நீளத்துக்குக் குறுகி அட்டை மாதிரி விறைத்து நின்றது. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விடு மாப்ள, கண்ணாடி தொடைக்க ஆகும்" என்றார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. கம்பளி இழையின் மேல் நாட்டு ஓடு அடுக்கினாற்போல் செதில்கள் இருக்கின்றன. சூடும் சோப்பும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. மாட்டியதைப் பிரிக்க வழி கிடையாது.

அதனால் பச்சைத் தண்ணீர். பூந்திக்கொட்டை ஊறிய நீரோ, தலைக்குப் போடும் ஷாம்பு கொஞ்சமோ போதும். முக்கி, அமுக்கி எடுங்கள், தேய்க்காதீர்கள், முறுக்காதீர்கள். உலர்ந்த துண்டில் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி மிதித்தால் நீர் வடிந்துவிடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்திலேயே நீண்டுபோகும். கயிற்றுக் கட்டிலில் நிழலில் பரப்பிவிடுங்கள். அடிக்கடி துவைக்கவும் வேண்டாம். இரவு முழுக்கக் காற்றாட விட்டால் பீடி நாற்றம்கூடப் போய்விடும். குளிர்காலம் முழுதும் இரண்டு துவையல் அதிகம்.

மாசியில் எடுத்து வைக்கும்போது மட்டும் கட்டாயம் துவைத்து, நன்றாகக் காயவைத்து வையுங்கள். அந்துப்பூச்சியின் புழுவுக்குக் கெரட்டின்தான் சாப்பாடு. அதில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் விருந்து. பாச்சை உருண்டை போடுகிறவர்கள் காகிதத்தில் பொதிந்து போடுங்கள். உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்த கம்பளியைத் துவைக்காமல் கைக்குழந்தைக்குச் சுற்றவே கூடாது. சில குழந்தைகளின் ரத்த அணுக்களை அந்த நெடி சிதைக்கும். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் நம் வழக்கம். வாசம் போனதும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயமாகிவிட்டது. இனி மப்ளர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: பழைய வண்டிகள் இன்னும் பல வருஷம் ஓடும், மூடுபனியில் ஜன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும். லூதியானா பக்கம் லோடு கிடைக்கிற அண்ணன்மாரே, மப்ளர் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். இடப்பக்க ஜன்னலில் தலையை நீட்டி உங்களுக்கு வழி சொல்லிக்கொண்டு வருகிற கிளீனர் பையன் கழுத்தில் இன்னும் பள்ளிபாளையம் துண்டுதான் கிடக்கிறது.