சம்பளம் இல்லாத தலைமை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலர் என்னை அழைத்தபோது, "அமெரிக்காவிலேர்ந்து வர்றீங்க, கம்ப்யூட்டரைப் பத்தி ஏதாவது பேசுங்களேன்" என்றார். கம்ப்யூட்டரைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அரங்கில் நூறு பேராவது இருப்பார்கள். ஆகவே நான் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். பெண்கள் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துத் தள்ளி ஆடும் ஆட்டம். பெயர் ரோலர் டெர்பி.

கணிதம் படித்தவளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று என் தோழிகள் சிரிப்பது தெரிகிறது. பயப்படாதீர்கள், இந்த வயதில் நான் ஆடப் போகவில்லை. ஒஹையோ மாநிலத்தில் நான் வசிக்கும் ஊரில் ஒரு லீக் இருக்கிறது. அதில் ஆடும் பக்கத்து வீட்டுப் பெண், "ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஆளில்லை, வர முடியுமா?" என்று கேட்டாள். 2013இல் போனேன். தவறு செய்த ஆட்டக்காரர் தனி நாற்காலியில் வந்து முப்பது விநாடி உட்கார வேண்டும். பத்து விநாடி பாக்கி இருக்கும்போது "எழுந்து நில்" என்று சொல்வதும், முடிந்ததும் அனுப்புவதும்தான் என் வேலை. சம்பளம் கிடையாது. அங்கே கோச்சுக்கும் கிடையாது, கேப்டனுக்கும் கிடையாது. சம்பளம் இல்லாத இடத்தில் ஒருவர் சொல்லை இன்னொருவர் ஏன் கேட்கிறார்? நாற்காலி ஓரத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். இன்று உங்களிடம் சொல்ல வந்ததும் அதுவே.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கபடி தெரிந்தவர்களுக்கு இது சுலபம். நீள்வட்டமான ஓட்டத்தளம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். நால்வர் தடுப்பவர்கள், ஒருவர் 'ஜாமர்'. நம் ஊரில் பாடிப் போகிறவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தில் நட்சத்திரம் போட்ட ஜாமர் எதிரணியின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். அது முதல் சுற்று, அதற்குப் புள்ளி இல்லை. அடுத்த சுற்றிலிருந்து எதிரணித் தடுப்பவர்களில் எத்தனை பேரைக் கடக்கிறாரோ அத்தனை புள்ளிகள். இரண்டு அணிக்கும் ஒரே நேரத்தில் இது நடக்கும். ஒரு முறைக்கு அதிகபட்சம் இரண்டு நிமிடம். பிறகு முப்பது விநாடி இடைவெளி. உடனே அடுத்தது. முப்பது நிமிடமாக இரண்டு பாதிகள்.

அந்த முப்பது விநாடி இடைவெளியைக் கவனியுங்கள். பதினைந்து பேர் கொண்ட அணியிலிருந்து அடுத்த ஐவரைக் கோச் அதற்குள் அனுப்பியாக வேண்டும். யார் களைத்திருக்கிறார், யார் நாற்காலியில் இருக்கிறார், யாருக்கு ஏழாவது தவறாகி ஆட்டத்தை விட்டே போக வேண்டியிருக்கும் என்றெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டும். கேப்டனோ பாதி நேரம் தளத்துக்குள் இடிபட்டுக்கொண்டிருப்பார். அவர் கையில் 'சி' என்ற எழுத்து இருக்கும், துணைக்கு நியமிக்கப்பட்டவர் கையில் 'ஏ' இருக்கும். நடுவரிடம் முறையாகப் பேசவும், இடைநிறுத்தம் கேட்கவும், தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லவும் இவர்களுக்குத்தான் உரிமை. மற்றவர்கள் எவ்வளவு கத்தினாலும் கணக்கில் வராது.

இந்த விளையாட்டுக்கு இரண்டு பிறவி உண்டு. முதல் பிறவி 1935இல் சிகாகோவில். பொருளாதார மந்தத்தில் நாடே தவித்த காலம். லியோ செல்ட்சர் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் ஆணும் பெண்ணுமாக ஜோடிகளைச் சேர்த்து, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு உள்ள தூரத்தை ஒரே தளத்தில் சுற்றிச் சுற்றிக் கடக்க வைத்தார். போகப்போக, ஓட்டத்தைவிட இடிபாடுதான் மக்களுக்குப் பிடிக்கிறது என்று கண்டு விதிகளை மாற்றினார்கள். தொலைக்காட்சி வந்ததும் பெரும் புகழ். செல்ட்சரின் மகன் ஜெரி 1973இல் கடையை மூடினார். ஆட்டம் ஒரு முதலாளியின் சொத்தாக இருந்தது. அவர் மூடினால் மூடியதுதான்.

இரண்டாம் பிறவி 2001இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில். முதலில் பெண்களைத் திரட்டியவர் ஓர் ஆண். நான்கு அணி, நான்கு கேப்டன் என்று வகுத்தார். கொஞ்ச நாளில் அவர் விலகிப் போய்விட்டார். பெண்கள் விடவில்லை. நான்கு கேப்டன்களும் பொறுப்பைக் கையில் எடுத்து லீக்கை உருவாக்கினார்கள். நல்ல கதை என்று தோன்றுகிறதல்லவா? அடுத்த கட்டத்தைக் கேளுங்கள். அந்தக் கேப்டன்களே லீக்கின் உரிமையாளர்களும் ஆனார்கள். லீக்கை யார், எப்படி நடத்துவது என்பதில் பிணக்கு வந்தது. 2003இல் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெளியேறி, ஆடுகிறவர்களே நடத்தும் வேறொரு லீக்கைத் தொடங்கினார்கள். சாய்வான மரத்தளத்தை அமைக்க நிறையப் பணம் வேண்டும். இவர்கள் சமதரையில் கோடு போட்டு ஆடினார்கள். கயிறும் ஒட்டு நாடாவும் இருந்தால் எந்தக் கூடத்திலும் தளம் தயார்! அதனால்தான் இந்த ஆட்டம் ஊர் ஊராகப் பரவ முடிந்தது.

பிரிந்து போனவர்களையும் தங்கியவர்களையும் நான் எடைபோடவில்லை. இரண்டு லீக்குகளும் நிலைத்தன. ஆனால் ஒரு பாடம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. முதலாளி போனார், கேப்டன்கள் வந்தார்கள். கேப்டன்கள் முதலாளி போல ஆகிறார்கள் என்று எண்ணியபோது ஆட்டக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். சம்பளம் வாங்காதவரைக் கட்டிவைக்கக் கயிறு கிடையாது. 2004இல் பல ஊர் லீக்குகள் கூடி ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. 2005இல் அது 'விமன்ஸ் ஃபிளாட் டிராக் டெர்பி அசோசியேஷன்' என்று பெயர் பெற்றது. ஆடுகிறவர்களே நடத்த வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

எங்கள் லீக்கிலும் அப்படித்தான். நர்ஸ், பள்ளி ஆசிரியை, தபால்காரர், மெக்கானிக் என்று எல்லோரும் மாதச் சந்தா கட்டி ஆடுகிறார்கள். கேப்டனை அணியே ஆண்டுக்கொருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். கோச்சையும் அப்படியே. இப்போதைய கோச் ஒரு காலத்தில் அங்கே ஆடியவர், முழங்காலில் அறுவை ஆனபின் ஆட முடியாமல் பயிற்சிக்கு வந்தவர். நேற்று வரை தோளோடு தோள் நின்றவள் இன்று "நீ உட்கார்" என்று சொல்ல வேண்டும். எளிதா அது?

நான் அருகிலிருந்து கேட்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஆறு மணி நேரம் காரில் போய் ஆடிய ஒரு வெளியூர் ஆட்டம். அணியில் ஒரு புதுப் பெண், இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ். ஒன்றரை வருடம் பயிற்சி எடுத்து அன்றுதான் பட்டியலில் இடம் கிடைத்தது. முதல் பாதி முடிந்தது. அவள் ஒரு முறைகூடக் களம் இறங்கவில்லை. கேப்டன் கோச்சிடம் வந்தாள். அவர்கள் பேசியதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்.

"அந்தப் பொண்ணை எப்ப இறக்கப் போறே?"

"நாலு பாயின்ட்தான் வித்தியாசம். இப்ப முடியாது."

"லீவு போட்டு வந்திருக்காப்பா. நம்ம மாதிரி சந்தா கட்டறவதானே?"

"ஜெயிக்கணும்னு நீங்கதானே என்னைக் கோச்சா போட்டீங்க? ஐந்து பேரை நான் சொல்லணுமா, நீ சொல்லணுமா?"

கேப்டன் கொஞ்சம் யோசித்தாள். "நீதான் சொல்லணும். என் முறை வரும்போது மூணு தடவை என்னை உட்கார வெச்சுட்டு அவளை அனுப்பு. அது என்னோட இடம்" என்றாள்.

கோச் சம்மதித்தாள். அந்தப் பெண் மூன்று முறை இறங்கினாள். அதில் ஒரு முறை என் நாற்காலிக்கும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள்! கடைசியில் ஒன்பது புள்ளியில் தோற்றார்கள். அதனால்தான் தோற்றார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கணக்குப் படித்தவள்தான், என்னாலும் முடியாது.

அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். சத்தம் பலமாகவே இருந்தது. "ஜெயிக்கத்தானே இவ்வளவு அடிபடுகிறோம்" என்றார் ஒருவர். "பெஞ்சில் உட்காரவா சந்தா கட்டுகிறோம்" என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயம். அப்போது கோச் சொன்னதுதான் எல்லோரையும் அடக்கியது. "எது வேணும்னு நீங்க முன்னாடியே சொல்லுங்க, அப்படியே செய்யறேன். ஆனா ஆட்டத்துக்கு நடுவுல சொல்லாதீங்க" என்றாள்.

அன்றைக்கே எழுதி வைத்தார்கள். தரவரிசைக்குக் கணக்காகும் ஆட்டங்களில் ஐவரைத் தேர்வது முழுக்கக் கோச்சின் முடிவு, கேப்டன் குறுக்கிடக் கூடாது. மற்ற ஆட்டங்களில் பட்டியலில் உள்ள எல்லோரும் களம் இறங்கியே ஆக வேண்டும். எந்த ஆட்டம் எந்த வகை என்று முன்கூட்டியே பலகையில் எழுதிப் போட வேண்டும். தலையில் அடிபட்டவரை அன்று மறுபடி இறக்கக் கூடாது, இதில் கோச்சுக்கும் விலக்கில்லை. பட்டியலில் இடம் கிடைக்காதவர் காரணம் கேட்டால் கோச் நேரில் சொல்ல வேண்டும்.

இதனால் எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். மிக நன்றாக ஆடிய ஒரு ஜாமர், "எனக்கு வெற்றி முக்கியம்" என்று வேறு ஊர் லீக்குக்குப் போய்விட்டாள். அது உண்மையான நஷ்டம். அந்த நர்ஸ் பெரிய வீராங்கனை ஆகிவிடவும் இல்லை. ஆனால் இன்றும் ஆடுகிறாள், சந்தா கட்டுகிறாள், வெளியூர் ஆட்டத்துக்கு வண்டி ஓட்டுகிறாள். 2020 மார்ச்சில் தொற்று நோயால் எல்லாம் நின்றுபோய், பிறகு மறுபடி கூடியபோது, முதல் நாளே வந்து தரையில் நாடா ஒட்டியவர்களில் அவளும் ஒருத்தி. லீக்கை உயிரோடு வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். கேப்டன் அன்று விட்டுக்கொடுத்த மூன்று முறைகளை நான் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

அன்பர்களே, இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் சங்கம் மாணவியர் விளையாட்டுக்கென ஒரு நிதி தொடங்கப் போவதாகச் செயலர் காலையில் அறிவித்தார். மிக்க மகிழ்ச்சி, என் பங்கும் உண்டு. ஆனால் காபி நேரத்தில் ஒரு பேச்சும் காதில் விழுந்தது. பணம் கொடுக்கிறவர்களே ஒரு குழு அமைத்துப் பயிற்சியாளரையும் கேப்டனையும் நியமித்துவிடலாம் என்று. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். இருந்தாலும், வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சியாளரைத் தேர்வது உடற்கல்வி இயக்குநரின் பொறுப்பு, அது அவரிடமே இருக்கட்டும். தேர்வதற்குமுன் மாணவியரையும் ஒரு வார்த்தை கேட்கட்டும். கேப்டனை மாணவியர் தேர்ந்தெடுக்கட்டும், ஒரு வருடத்துக்கு மட்டும். யார் எதை முடிவு செய்வது என்பதைப் பருவம் தொடங்குமுன் ஒரே ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். நாம் பணம் கொடுப்போம், கணக்குக் கேட்போம், ஆட்டத்தன்று வந்து கைதட்டுவோம். அத்தோடு நிற்போம்.

மாணவியருக்கு ஒரு வார்த்தை. நாளை உங்களில் ஒருத்தி கேப்டன் ஆவாள். அந்தப் பதவியை உனக்குக் கொடுத்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்த்துத்தான். அவர்களிடமிருந்து வாங்கியது கடன், வருட முடிவில் திருப்பித் தர வேண்டும். கோச் சொல்வது பிடிக்கவில்லையென்றால் ஆட்டத்துக்கு முன்பு வாதாடு, பின்பு வாதாடு, நடுவில் அவர் சொல்படி ஆடு. யாருக்காவது விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் அடுத்தவர் இடத்தைக் கொடுக்காதே, உன் இடத்தைக் கொடு.

அடுத்த சந்திப்புக்கு நான் வரும்போது அந்த ஒற்றைத் தாளை அறிவிப்புப் பலகையில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. நேரம் கடந்துவிட்டதாகச் செயலர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நேரம் பார்க்கிற வேலை செய்பவளே நேரம் மீறக் கூடாது.